பந்து எந்தப் பக்கமிருந்து வந்தது

கடைசி கார்னரை விநாயக்கே உதைத்தான். பயிற்சி முடிந்திருந்தது. பெண்கள் ஷூவின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள். நாளைக் காலை பெங்களூரில் மாநில அணித் தேர்வு, இன்று மதியம் ரயில், யாரும் களைத்துப்போகக் கூடாது என்று அவனே சொல்லியிருந்தான். ஆனாலும் ஒன்றே ஒன்று என்று எல்லாரையும் திரும்ப அழைத்தான். பாலகாட் மைதானத்தின் வலது மூலையில், மூடிய தங்கச் சுரங்கத்தின் சயனைடு கழிவு மேட்டின் நிழல் விழுகிற இடத்தில், பந்தை வைத்தான். முட்டி வலித்தது. உதைத்தான். பந்து நல்ல உயரத்தில் வளைந்து போனது. மம்தா மூன்று எட்டு ஓடி எம்பினாள். எதிர்ப்பக்கம் விளையாடிய நேத்ராவும் எம்பினாள். அவனுக்கு முதலில் சத்தம்தான் கேட்டது. கொப்பரைத் தேங்காயைத் தரையில் தட்டினால் வருகிற சத்தம்.

மம்தா மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. எட்டு விநாடி இருக்கும். அவன் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எழுந்து உட்கார்ந்து, வாயிலிருந்த மண்ணைத் துப்பி, “கோலா சார்?” என்றாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். நேத்ராவின் கன்னம் வீங்க ஆரம்பித்திருந்தது. விநாயக் மண்டியிட்டு உட்கார்ந்து மம்தாவிடம் ஐந்து கேள்வி கேட்டான். இது எந்த மைதானம். இன்றைக்கு என்ன கிழமை. இன்று கடைசியாக கோல் போட்டது யார். போன மேட்ச் யாரோடு. அதில் ஜெயித்தோமா. ஐந்துக்கும் அவள் யோசிக்காமல் பதில் சொன்னாள். ஐந்தும் சரி.

அப்போதுதான் அவனுக்குப் பயம் பிடித்தது.

ஆண்டர்சன்பேட்டையில் டாக்டரிடம் அழைத்துப்போனான். அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலைப் பார்த்துக் கண்ணை ஓட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இரண்டு நாள் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், வாந்தி வந்தாலோ தலைவலி அதிகமானாலோ பேச்சில் மாற்றம் தெரிந்தாலோ உடனே ஸ்கேன் எடுங்கள் என்றார். விநாயக் இப்போதே எடுத்தால் என்ன என்று கேட்டான். டாக்டருக்கு அவனைத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் நடந்ததும் தெரியும். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, எடுத்தால் தப்பில்லை, ஆனால் அதற்குப் பெங்களூர்ப் பக்கம்தான் போக வேண்டும் என்றார். வெளியே வந்ததும் மம்தா சொன்னாள், “சார், பொண்ணு பாக்க வர்றவங்க கூட இத்தினி கேள்வி கேக்க மாட்டாங்க.” வீட்டுக்குப் போய்க் குளித்து, பை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன் என்று ஓடினாள். ஓட்டம் நேராகத்தான் இருந்தது. அவள் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

மாரிகுப்பத்தில் வண்டி காலியாகத்தான் கிளம்பும். பதினான்கு பெண்களும் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். கோல்கீப்பர்களைப் பார்த்துக்கொள்கிற ஏனோக் பந்து மூட்டையைக் கதவோரம் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். மம்தாவின் அப்பா ராஜேந்திரன் முன்னாலேயே வந்து ஜன்னலோர இடம் பிடித்து வைத்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக இதே தடத்தில் விடியற்காலை வண்டியில் பெங்களூருக்குப் போய் இரவு திரும்புகிறவர். ஒரு லேத் பட்டறையில் வேலை. இன்று மகளுக்காக லீவு போட்டிருந்தார். விநாயக் அவரிடம் தலையில் மோதியதைச் சொன்னான். டாக்டர் சொன்னதையும் சொன்னான். பெங்களூருக்கு முன்னால் வொயிட்ஃபீல்டில் இறங்கி ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டான். கேட்கும்போதே குரலை லேசாக வைத்துக்கொண்டான்.

ராஜேந்திரன் சிரித்தார். “ஸ்டாப்பர்னு பேர வச்சிக்கினு தலையில அடிபடக் கூடாதுன்னா எப்படி சார்? நீங்க வாங்காத அடியா?”

பதினான்கு வருடம் அவன் ஸ்டாப்பராக இருந்தான். கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கிற கடைசி ஆள். பெங்களூரில் ஒரு கம்பெனி அணி, கோவாவில் இரண்டு கிளப், கொல்கத்தாவில் ஒன்று. கோல் போட்டவர்களின் படம் பேப்பரில் வரும். ஸ்டாப்பரின் படம் கோல் வாங்கினால்தான் வரும், தரையில் உட்கார்ந்தபடி. அந்த வேலைக்கு வேகம் வேண்டும், உயரம் வேண்டும் என்பார்கள். அவனுக்கு இரண்டும் சுமார்தான். அவனிடம் இருந்தது பயம். பந்து இன்னும் எதிரணி பாதியில் இருக்கும்போதே அது தன் முதுகுக்குப் பின்னால் விழுந்துவிட்டதுபோல அவனுக்குத் தோன்றும். அந்த எண்ணத்திலேயே இரண்டு எட்டு பின்வாங்கி நிற்பான். பந்து அங்கேதான் வரும். நன்றாக விளையாட்டைப் படிக்கிறான் என்று பயிற்சியாளர்கள் சொன்னார்கள். அவன் எதையும் படிக்கவில்லை. பயந்தான், அவ்வளவுதான். விளையாட்டை விட்ட பிறகு முட்டி போயிற்று, உடம்பு கனத்தது, அந்தப் பயம் மட்டும் போகவில்லை. பந்து இல்லாத இடத்திலும் இரண்டு எட்டு பின்வாங்கி நிற்கச் சொன்னது.

அந்த ஐந்து கேள்விகளை முதலில் அவனிடம் கேட்டவர் கோவாவில் அணியின் உடல்நலம் பார்த்துக்கொண்ட பிசியோ. தலையில் அடிபட்டு விழுந்தால் அவர் ஓடி வருவார். எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசி கோல் யார், போன மேட்ச் யாரோடு, ஜெயித்தோமா. பதில் தப்பினால் வெளியே உட்கார வேண்டும். வெளியே உட்கார்ந்தவனின் இடத்தை அடுத்தவன் பிடித்துக்கொள்வான். அதனால் விநாயக் ஒரு வழி கண்டுபிடித்தான். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் மணிக்கட்டில் வெள்ளை டேப் சுற்றுவான். உள்பக்கம் பேனாவால் மைதானத்தின் பெயர், போன மேட்ச், அதன் கணக்கு என்று எழுதிக்கொள்வான். ஆட்டத்தில் கோல் விழுந்தால் போட்டவன் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓடுவான். பதினொரு தடவை பிசியோக்கள் அவனிடம் கேட்டிருக்கிறார்கள். பதினொரு தடவையும் தேறினான். கொல்கத்தாவில் ஒரு மேட்ச். ஐந்து பதிலும் சரியாகச் சொல்லிவிட்டு மீதி நாற்பது நிமிடம் விளையாடினான். அந்த நாற்பது நிமிடம் இன்றுவரை அவன் நினைவில் இல்லை. அதற்குத்தான் சிறந்த ஆட்டக்காரர் கோப்பை கொடுத்தார்கள். கோப்பையோடு அவன் சிரிக்கிற படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் இருப்பவன் யாரென்று அவனுக்குத் தெரியாது.

இதை அவன் பெண்களிடம் தமாஷாகச் சொன்னான். போன மாதம், ஒரு மேட்ச் முடிந்து திரும்பும்போது, பஸ்ஸில். எல்லாரும் சிரித்தார்கள். மம்தா அதிகமாகச் சிரித்தாள்.

உரிகம் தாண்டி, கோரமண்டல் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. பங்காருப்பேட்டையில் கூட்டம் ஏறியது. விநாயக் மம்தாவுக்கு எதிர் சீட்டில், அவள் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தான். எதிரணி ஃபார்வர்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். ஃபார்வர்டின் காலையும் பந்தையும் பார்க்கக் கூடாது, இடுப்பைப் பார்க்க வேண்டும், இடுப்பு பொய் சொல்லாது. இந்தப் பெண்ணிடம் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. கடலை விற்கிறவன் வந்தான். அவள் வாங்கினாள், பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். நேத்ரா ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். மம்தாவும் சிரித்தாள். மற்றவர்கள் நிறுத்துகிற நேரத்தில் அவள் சிரிப்பு தொடங்கியது. ஜன்னல் வெயில் முகத்தில் விழும்போதெல்லாம் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். வலது காலில் எப்போதும்போல இரட்டை முடிச்சு. இடது கால் ஷூவின் கயிறு அவிழ்ந்து தொங்கியது. மூன்று வருடமாக அவளுக்குப் பயிற்சி கொடுக்கிறான். ஒருநாளும் அவள் கயிறு தொங்கி அவன் பார்த்ததில்லை.

அதை அவள் அப்பாவிடம் காட்டலாம் என்று நினைத்தான். ஒரு ஷூ கயிறு. என்னவென்று சொல்வது.

டேகல் வந்தபோது மம்தா தூங்கிவிட்டாள். தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது. விநாயக் உடனே எட்டி அவள் தோளைத் தட்டினான். எந்த ஸ்டேஷன் என்று கேட்டான். அவள் கண்ணைத் திறந்து வெளியே போர்டைத் தேடிப் படித்து, “டேகல்” என்றாள். பிறகு, “சும்னே கண்ண மூடிக்கினு இருந்தேன் சார்” என்றாள். ராஜேந்திரன், பாவம் விடுங்க சார், விடிகாலைல எழுந்த புள்ள, கொஞ்சம் தூங்கட்டும் என்றார். ஏனோக் கதவோரத்திலிருந்து விநாயக்கைப் பார்த்தார். அவள் மறுபடி சாய்ந்தாள்.

அடுத்தது மாலூர்.

மாலூர் வரும்போது அவன் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வான். இரண்டு வருடமாக அப்படித்தான். பெங்களூருக்கு வேலை இருந்தால் பஸ்ஸில் போகப் பார்ப்பான். முடியாவிட்டால் ரயிலில் மாலூருக்கு முன்னால் கண்ணை மூடி, வண்டி நகர்ந்த பிறகு திறப்பான்.

அவன் மனைவி இந்து ஸ்கூட்டியிலிருந்து விழுந்தது ஒரு வியாழக்கிழமை மாலை. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வரும் வழியில் ஒரு வேகத்தடை. ஹெல்மெட் சீட்டுக்கு அடியில் இருந்தது. தானே எழுந்து, வண்டியை நிமிர்த்தி, ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, காதுக்கு மேலே ஒரு சின்னப் புடைப்பு. அவன் சமையலறை ஸ்டூலில் அவளை உட்காரவைத்து பிசியோ மாதிரி முன்னால் குந்தினான். அவளுக்கு அந்தக் கேள்விகள் தெரியும். டேப்பில் அவன் எழுதும்போது பக்கத்திலிருந்து எழுத்துப்பிழை பார்த்தவள்.

எந்த மைதானம் என்றான். “ஆண்டர்சன்பேட்ட, அடுப்பங்கர கிரவுண்டு.” எந்தப் பாதி. “செகண்ட் ஆஃப். பால் இன்னும் காயல.” கடைசி கோல் யார். “நீதான். செல்ஃப் கோல்.” போன மேட்ச் யாரோடு. “எங்கம்மாவோட.” ஜெயித்தோமா. “டிரா.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். இவ்வளவு தெளிவாக யாரும் அவனிடம் பதில் சொன்னதில்லை. மறுநாள் அவனுக்குப் பெங்களூரில் பயிற்சியாளர் லைசென்ஸ் தேர்வு. விடிவதற்குள் முதல் வண்டி. இந்துவுக்குத் தலை வலித்தது, மாத்திரை போட்டுப் படுத்தாள். அவன் எழுந்தபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். விளக்குப் போடவில்லை. எழுப்பக் கூடாது என்று ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டான். விலகியிருந்த போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டான். வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். மாலூரில் வண்டி நின்றபோது போன் வந்தது. இந்துவின் அம்மா சரோஜம்மா. பால் வாங்கிக்கொண்டு வந்தவர் மகளை எழுப்பிப் பார்த்திருக்கிறார். அவன் போர்வையை இழுத்துவிட்டபோது அவள் உயிரோடு இருந்தாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தலைக்குள் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கியிருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் முதலில் சில மணி நேரம் நன்றாகவே பேசுவார்கள் என்று பெரிய டாக்டர் விளக்கினார். தூங்கியதால் போகவில்லை, தூங்கியதால் தெரியாமல் போயிற்று என்றார். சரோஜம்மா எதையும் விளக்கச் சொல்லவில்லை. காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை, “ஒரு தபா எழுப்பிப் பாத்துட்டுப் போயிருக்கலாம் தம்பி” என்றார்.

வண்டி மாலூரில் நின்றது. விநாயக் இன்று கண்ணை மூடவில்லை. மூடினால் மம்தாவைப் பார்க்க முடியாது.

தூக்கத்தில் அவள் கை மடியிலிருந்து நழுவி சீட்டின் விளிம்பில் தொங்கியது. டிராக்சூட் ஜாக்கெட்டின் கை மேலே ஏறியது. மணிக்கட்டில் வெள்ளை டேப். காலையில் பயிற்சியில் அது இல்லை. டாக்டரிடம் போனபோதும் இல்லை. விநாயக் குனிந்து, அவள் விரலை மெதுவாகப் பிடித்துக் கையைத் திருப்பினான். உள்பக்கம் நீலப் பேனாவால் சின்னச் சின்னக் கன்னட எழுத்துகள். பள்ளியில் கன்னடம் படித்த பெண், தமிழையும் அந்த எழுத்தில்தான் எழுதுவாள். சனிக்கிழமை. பாலகாட். நேத்ரா, ஒரு கோல். மாலூர் டீம். ரெண்டுக்கு ஒண்ணு, வின். அதற்குக் கீழே அவன் சொல்லித் தராத ஒரு வரி இருந்தது. சார் கேட்டா சிரி.

கை குளிர்ந்தது. அவளுடைய கையா தன்னுடையதா என்று தெரியவில்லை. காலையில் மைதானத்தில் இதெல்லாம் அவளுக்குத் தானாகவே தெரிந்திருந்தது. வீட்டுக்குப் போன பிறகு, குளித்து ஜாக்கெட் போடுவதற்கு முன்னால், எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கிறது. ஏதோ ஒன்று கையைவிட்டுப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதை யாரிடமும் சொல்லாமல் மறைக்கும் வழியும் தெரிந்திருக்கிறது. அந்த வழியை பஸ்ஸில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான்.

“மம்தா.”

ஒரு தடவையில் அவள் எழவில்லை. இரண்டாவது தடவை எழுந்தாள். கையை இழுத்துக்கொண்டு சிரித்தாள்.

டேப்பில் இல்லாத கேள்வி ஒன்று வேண்டும். அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. ஸ்டாப்பராக இருந்த யாரும் தப்பாகச் சொல்லவே முடியாத கேள்வி. எந்த கோலை வேண்டுமானாலும் மறக்கலாம், எந்த மேட்சை வேண்டுமானாலும் மறக்கலாம், தான் எம்பி முட்டப்போன பந்து எங்கிருந்து வந்தது என்பது உடம்பிலேயே இருக்கும்.

“காலைல நீ ஹெட் பண்ணப் போனியே கடைசி கார்னர். பந்து எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சி?”

அவள் சிரித்தபடியே இருந்தாள். கண் ஒரு நொடி மணிக்கட்டுக்குப் போய் வந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தாள், நேத்ராவைப் பார்த்தாள். “லெஃப்ட்ல இருந்து சார்” என்றாள். “நேத்ராதான அடிச்சா.”

நேத்ரா வீங்கிய கன்னத்தோடு சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். மம்தாவோடு மோதியது நேத்ரா. வலது மூலையிலிருந்து உதைத்தது விநாயக்.

அவன் எழுந்து மம்தாவின் பையை மேல் தட்டிலிருந்து எடுத்தான். ராஜேந்திரன் பக்கத்தில் குனிந்து, வொயிட்ஃபீல்டில் இறங்குகிறோம் என்றான், இப்போதே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றான். டேப்பைக் காட்டினான். ராஜேந்திரனுக்குக் கன்னடம் வாசிக்க வரும். வாசித்தார். முகம் மாறவில்லை, மாறக்கூடாது என்று பிடித்துவைத்திருந்த மாதிரி இருந்தது. பரீட்சைக்கு பிட்டு எழுதிக்கிற மாதிரி எழுதிக்கினு இருக்குது, சின்னப் புள்ளைங்க விளையாட்டு என்றார். நாளைக்கு ஒரு நாள் போகட்டும், பத்து மணிக்கு தேர்வு முடிந்துவிடும், அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போகலாம் என்றார். தேர்வானால் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல். சாப்பாடு, படிப்பு, கட்டில். இவள் விடிகாலையில் எழுந்து இந்த ரயிலில் ஏற வேண்டியதில்லை. அவர் கெஞ்சவில்லை. ஒவ்வொன்றாக அடுக்கிச் சொன்னார், இருபத்திரண்டு வருடமாகத் தினமும் யோசித்து வைத்திருந்த வரிசையில்.

விநாயக் கேட்டுக்கொண்டான். அவர் சொன்னதில் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் பையைக் கீழே வைக்கவில்லை.

ராஜேந்திரன் எழுந்து நின்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பெட்டி முழுக்கக் கேட்டது.

“உங்க சம்சாரத்துக்கு ஆச்சின்னா எல்லாருக்கும் ஆவுமா சார்?”

பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஏனோக் மூட்டை மேலிருந்து எழுந்தார். விநாயக்குக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வருடமாக அவனுக்கு எதுவும் பெரிதாக வருவதில்லை. அந்தக் கேள்வியைத் தானே தினமும் கேட்டுக்கொள்வதால் அது இன்னொருவர் வாயில் கேட்டபோது பழகியதாக இருந்தது.

“ஆவாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் ஒக்காந்துக்கினு வருவேன்ணா” என்றான்.

தேவனகொந்தி போனது. இரண்டு பேரும் நின்றுகொண்டே வந்தார்கள். மம்தா நடுவில் உட்கார்ந்து டேப்பின் ஓரத்தை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை நிமிர்ந்து விநாயக்கைப் பார்த்தாள். “சொல்லாதீங்க சார், ப்ளீஸ்” என்றாள். யாரிடம் சொல்லக்கூடாது என்று அவனுக்குப் புரியவில்லை. எல்லாரும் அங்கேயேதான் இருந்தார்கள்.

வொயிட்ஃபீல்டில் ஏனோக் கதவைப் பிடித்துக்கொண்டு, மற்ற பெண்களைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மம்தா இறங்கும்போது பிளாட்பாரத்துக்கும் படிக்கும் நடுவே காலை ஒருமுறை தப்பாக வைத்தாள். விநாயக் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். ராஜேந்திரன் கடைசி நொடியில், வண்டி நகர ஆரம்பித்த பிறகு, இறங்கினார். நாளைக்கு ஏழு மணிக்கு அவள் கிரவுண்டில் நிற்க வேண்டும் என்றார். நிற்கிறதுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்றார். விநாயக் தலையாட்டினான். பொறுப்பு என்ற சொல்லை அவன் காதில் வாங்கவே இல்லை. அவள் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டும் ஒரே அளவாக இருக்கின்றனவா என்று. வெயிலில் நிற்பதால் சொல்ல முடியவில்லை.

மேம்பாலப் படி அருகே அவள் நின்றாள்.

“அப்பா, என் ஷூ பை எங்க?”

“தோ, உன் தோள்ல மாட்டிக்கினு கீற” என்றார் ராஜேந்திரன், எரிச்சலோடு. அவள் தொட்டுப் பார்த்து, ஆமாம் என்றாள். படி ஏறினார்கள். ராஜேந்திரன் முன்னால் போனார், பின்னால் திரும்பாமல் பேசிக்கொண்டே போனார். ஸ்கேன் என்றால் எவ்வளவு நேரமாகும், ரிப்போர்ட் கையிலேயே தருவார்களா, டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டால் நாளைக்கு யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் அல்லவா. பாலத்தின் நடுவில் மம்தா மறுபடி நின்றாள்.

“அப்பா, என் ஷூ பை எங்க?”

அதே குரல். அதே இழுப்பு. சொற்களுக்கு நடுவே அதே இடைவெளி. ராஜேந்திரன் திரும்பினார். வாயில் பேச்சு பாதியில் நின்றிருந்தது. பையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அப்புறம் விநாயக்கைப் பார்த்தார். அந்தப் பார்வையை விநாயக் அறிவான். மாலூரில் போனைக் காதில் வைத்தபோது ரயில் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தில் இருந்தது. ராஜேந்திரன் கிட்டே வந்து மகளின் தோளிலிருந்து பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார். “எங்கிட்ட கீதும்மா” என்றார். “எங்கிட்டதான் கீது.”

ஆட்டோ கிடைத்தது. விநாயக் ஒரு பக்கமும் ராஜேந்திரன் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி மூன்று கிலோமீட்டர் என்றான் ஆட்டோக்காரன். சனிக்கிழமை சாயங்காலக் கூட்டம் இப்போதே தொடங்கிவிட்டது, இருபது நிமிடமாவது ஆகும் என்றான். மம்தா தலை வலிக்கிறது என்றாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சொன்னாள். வேகத்தடை வரும்போதெல்லாம் அவள் தலை ஆடாமலிருக்க விநாயக் பின்கழுத்தில் கையைக் கொடுத்தான். அங்கே ஏற்கெனவே ராஜேந்திரனின் கை இருந்தது. லேத்தில் காய்த்த கை. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

அவள் கண் சொருகியது.

“தூங்காதம்மா” என்றார் ராஜேந்திரன். குரல் உடைந்து வேறு யாருடையதோ போலக் கேட்டது. “அப்பா தெனம் போற ஸ்டேஷன்லாம் சொல்லு. சின்னப்போ சொல்லுவியே, வரிசையா. சொல்லு பாக்கலாம்.”

அவள் கண்ணைத் திறந்தாள். சிக்னலில் ஆட்டோ நின்றது. முன்னால் ஒரு பஸ், அதற்கு முன்னால் இன்னொன்று. “மாரிகுப்பம்” என்றாள். ராஜேந்திரன் தலையாட்டினார். “சாம்பியன்” என்றாள், அடுத்த ஸ்டேஷனை. விநாயக் ஆட்டோக்காரனின் தோளுக்கு மேலே சிக்னலில் குறைந்துகொண்டிருந்த சிவப்பு எண்களைப் பார்த்தான். தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று மூன்று. “உரிகம்” என்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். “கோரமண்டல்.”

அடுத்து வரவேண்டிய பங்காருப்பேட்டைக்காக இரண்டு பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்தெட்டு. எண்பத்தேழு. அவள் உதடு திறந்திருந்தது.